அப்புறத்துப் பிள்ளைகள்

மழை விடவில்லை. ரயில்வே கேட் அடைத்திருந்தது. கேட்டுக்குக் குறுக்கே ஒரு கூட்ஸ் வண்டி அசையாமல் நின்றது.

நான் ரோட்டுப் பக்கம் குடையோடு நின்றேன். என் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேர் வயல் பக்கம் நின்றார்கள். நடுவில் நனைந்து கறுத்த வேகன்கள். இரண்டு வேகன்கள் சேரும் சந்தில் எட்டிப் பார்த்தால் ஒரு முகம், ஒரு அலுமினியப் பெட்டி, தலையில் கவிழ்த்த உரச்சாக்கு தெரியும். குனிந்து பார்த்தால் சக்கரங்களுக்கு அந்தப் பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னக் கால்கள். முழங்கால் வரை சேறு.

மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆபீசர் வருகிறார், தலை எண்ண.

கேரளத்தில் வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு ஆறாம் நாள் என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாள் அன்று மேலிடத்திலிருந்து ஆள் வந்து ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கைதான் அந்த வருஷம் எத்தனை வகுப்பு, எத்தனை டீச்சர் என்பதற்கு ஆதாரம். ஆள் குறைந்தால் 'டிவிஷன் போச்சு' என்பார்கள். டிவிஷன் போனால் டீச்சரும் போக வேண்டியதுதான்.

அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவும் தங்கையும் நானும் என் சம்பளத்தில் இருந்தோம். அந்தச் சம்பளம் வேகன்களுக்கு அந்தப் பக்கம் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது.

ஒரே பாதையாக இருந்தபோது

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கரமனைக்கும் நேமத்துக்கும் நடுவில் இருந்தது எங்கள் புன்னக்கோடு. சென்ற அத்தியாயத்தைப் படித்த நாகர்கோவில் வாசகி ஒருவர், அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்று கேட்டு எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் மலையாளம்தான். அதில் ஓரத்து முறி ஒன்றில் மட்டும் தமிழ் டிவிஷன். அறையை நாங்கள் முறி என்றுதான் சொல்வோம். ஒன்றிலிருந்து நாலு வரை நாலு வகுப்புக்கும் அந்த ஒரே முறி, நான் ஒரே டீச்சர்.

முதன்முதலாக அந்த ஊரைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தார். நாங்கள் ஆரியசாலையில் ஒரு சந்தில் குடியிருந்தோம். புன்னக்கோட்டில் யாரோ வீடு கட்டுகிறார்கள் என்று கீலும் தாழ்ப்பாளும் கொடுக்கப் போனவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பஸ் ரோட்டிலிருந்து ஒரு செம்மண் பாதை மேற்கே இறங்கியது. பள்ளிக்கூடம், வாசகசாலை, புட்டு வேகும் ஒரு சாயாக்கடை, மரங்கள் அடர்ந்த காவு. அதற்குப் பிறகு வயல். பாதை எங்கேயும் தயங்காமல் வயலுக்குள் போய், அந்தக் கரையில் தென்னைகளுக்குள் நாலைந்து ஓலை வீடுகளில் முடிந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது அப்பா சாயாக்கடையில் எனக்குப் புட்டும் பயறும் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் வெறும் சாயா குடித்தார்.

பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அதே பாதையில் நான் டீச்சராகப் போவேன் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. வேலை உத்தரவு வந்த அன்று அவர் ஊர்ப்பேரை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "அங்க புட்டு நல்லாயிருக்கும்" என்றார். அவ்வளவுதான் அவருடைய வாழ்த்து.

மண் சுமந்தவர்கள்

நான் வேலையில் சேர்ந்த இரண்டு மூன்று வருஷத்தில் வயலில் கல் நட்டார்கள். கன்யாகுமரிக்கு ரயில் பாதை வருகிறது என்று பேச்சு. முதலில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். சாயாக்கடையில் ரயில் ஏறிப் போய் குமரியில் குளித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பலாம் என்று கணக்குப் போட்டார்கள். செம்மண் பாதைக்குக் குறுக்கே அந்தக் கல் நிற்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஆட்கள் வந்தார்கள். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக. தெற்கே ஒரு மேட்டை வெட்டிப் பள்ளமாக்கி, அந்த மண்ணைக் கூடையில் சுமந்து வந்து வயலில் கொட்டிக் கரை போட்டார்கள். காலையில் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே செம்மண் மணம் மூக்கில் ஏறும். பெண்கள் வரிசையாகச் சுமந்து போவார்கள். அவர்களில் ஒருத்திதான் சொர்ணம்.

ஒரு மத்தியானம் சொர்ணம் தண்ணீர் கேட்டுப் பள்ளிக்கூடத்துக் கிணற்றடிக்கு வந்தாள். என் முறியிலிருந்து பிள்ளைகள் 'அம்மா, ஆடு' என்று வாசிப்பது கேட்டு, தண்ணீர் குடிக்காமல் அப்படியே நின்றாள். "இங்க தமிழ் சொல்லிக் கொடுக்கியளா டீச்சரம்மா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் அவளுடைய மூத்தவனும் கூட ஆறு பிள்ளைகளும் என் பெஞ்சில் இருந்தார்கள்.

மண்வேலை முடிந்தும் அந்தக் குடும்பங்கள் போகவில்லை. ஆண்கள் கொத்தனாராகவும் ஓட்டல் வேலைக்காரர்களாகவும் நகரத்துக்குள் போய்வந்தார்கள். பெண்கள் சித்தாள் வேலைக்குப் போனார்கள். குடியிருப்பு மட்டும் கரைக்கு மேற்கே, தாங்கள் போட்ட மண்ணின் நிழலில். அங்கேதான் இடம் கிடைத்தது.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே பேர்

ரயில் ஓடத் தொடங்கியதும் ஒரே ஊர் இரண்டானது. கிழக்கே பஸ், ரேஷன் கடை, டாக்டர், தபால் பெட்டி, பள்ளிக்கூடம். மேற்கே வயல், தென்னை, புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்கள், ரொம்ப நாள் வரை மண்ணெண்ணெய் விளக்கு. நடுவில் ஒரு கேட். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முறி. அதில் வேலுக்குட்டி என்கிற கேட் கீப்பரும் ஒரு டெலிபோனும்.

எதிர்ப்பக்கத்தை மலையாளத்தில் 'அப்புறம்' என்பார்கள். கிழக்கே இருப்பவருக்கு மேற்கு அப்புறம். மேற்கே இருப்பவருக்குக் கிழக்கு அப்புறம். என் பிள்ளைகளுக்கு இதனால் வந்த குழப்பம் கொஞ்சமில்லை. "நீ எவிடேயா?" என்று மலையாளப் பிள்ளைகள் வீடு எந்தப் பக்கம் எனக் கேட்டால் "அப்புறம்" என்பார்கள். வீட்டில் "எப்ப சாப்பிடுவே?" என்று கேட்டாலும் அதே பதில்தான்.

ரோட்டுப் பக்கத்தார் காலை வண்டியை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தினார்கள். வயல் பக்கத்தார் கரைச்சரிவில் மிளகாய் காயப்போட்டார்கள், துணி உலர்த்தினார்கள், வெயில் தாழ்ந்ததும் உட்கார்ந்து பேன் பார்த்தார்கள். நிலம் அந்தப் பக்கம் மலிவு என்பது பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. வளைகுடாவுக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் வயலை மண் போட்டு நிரப்பி, மொசைக் தரையும் கம்பிக் கேட்டுமாக வீடுகள் எழும்பின. எண்பதுகளின் பாதியில் பெரிய வீடுகள் எல்லாம் மேற்கேதான். ஆனால் மருந்து வேண்டுமென்றால் அவர்களும் கேட்டில்தான் நின்றார்கள், பளபளக்கும் காரில் உட்கார்ந்தபடி, சொர்ணத்துக்குப் பக்கத்தில். ரயில் யாரையும் தனியாகக் கவனிக்கவில்லை.

நான் போட்ட சட்டம்

கேட் அடைத்திருந்தால் ஜனங்கள் காத்திருக்க மாட்டார்கள். ஓடுகிற வண்டி என்றால் நிற்பார்கள். நிற்கிற வண்டி என்றால் குனிந்து அடியில் நுழைந்து போவார்கள். பெரியவர்கள், கூடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். வேலுக்குட்டி தொண்டை வறளக் கத்துவார். யாரும் கேட்பதில்லை.

ரயில் வந்த முதல் வருஷம், மீன் விற்கும் ஓர் அம்மாள் அப்படி நுழைந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். கூடை நசுங்கி மத்தி மீன் எல்லாம் கல்லில் சிதறிக் கிடந்தது. அந்த அம்மாள் உயிர் பிழைத்தார். வலது கால் விரல்கள் போயின. பிறகும் அவர் மீன் விற்றார், சாய்ந்து சாய்ந்து நடந்து.

அந்த வாரமே நான் வயல் பக்கம் போய்த் தாய்மார்களைக் கூட்டிப் பேசினேன். நின்ற வண்டிக்கு அடியில் நுழைந்து வரும் பிள்ளையை வகுப்பில் சேர்க்க மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொன்னேன். வண்டி போகிறவரை காத்திருங்கள், நேரமானால் நான் திட்டமாட்டேன் என்றும் சொன்னேன். தினமும் ஒன்பதரைக்கு நானே கேட்டுக்கு வந்து அழைத்துப் போக ஆரம்பித்தேன்.

சொர்ணத்துக்கு என்மேல் ஒரு பழைய கோபம் இருந்தது. மூத்தவனை மூன்றாம் வகுப்பில் மலையாளத்துக்கு மாற்றப் போவதாக அவள் வந்து சொன்னபோது நான் மூஞ்சியைக் காட்டிவிட்டேன். "இங்க பொழைக்கணும்லா டீச்சரம்மா, ஆபீசுல எல்லாம் அதுதானே" என்று அவள் சொன்னது நியாயம்தான். எனக்கு அன்று நியாயம் தெரியவில்லை, குறைகிற ஒரு தலைதான் தெரிந்தது. அதற்குப் பிறகு சின்னவள் பேச்சியை என்னிடம் விட்டாலும் என்னோடு அவள் அதிகம் பேசுவதில்லை.

இப்போது அந்த மழை நாளுக்குத் திரும்புகிறேன்.

வேலுக்குட்டி டெலிபோனில் கேட்டுச் சொன்னார். தெற்கே மேட்டை வெட்டிய பள்ளத்தில் மண் சரிந்து பாதையை மூடியிருக்கிறது. அள்ளி முடிக்காமல் வண்டி கிளம்பாது. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. சுற்றிப் போகலாமா என்றால் வண்டியின் தலை அந்தப் பள்ளத்துக்குள், வால் வடக்கே தோட்டின், அதாவது ஓடையின், ரயில் பாலத்தின்மேல். தோடு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வயல் வழியாக மேற்கே தள்ளிப் போய்க் கல்பாலத்தில் தோட்டைத் தாண்டி, ஆற்றுப் பக்கம் ரயிலுக்கு மேலே போகும் ரோட்டுப் பாலத்தில் ஏறி இறங்கினால் வரலாம். இரண்டு மைலுக்குக் குறையாது. ஐந்து வயசுப் பிள்ளைகள்.

வேகன் சந்தில் சொர்ணத்தின் முகம் தெரிந்தது. அன்று ஆறாம் நாள் என்று அவளுக்கும் தெரியும். முந்தின நாளே எல்லா வீட்டுக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன்.

"டீச்சரம்மா, ஒவ்வொண்ணா அடியில விடுதேன். நீங்க அந்தப் பக்கம் பிடிச்சுக்கிடுங்க. அஞ்சு நிமிசம்" என்றாள்.

என் பக்கம் நின்ற இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பத்தொன்பது பிள்ளைகள், ஐந்து நிமிஷம். வேலுக்குட்டி என்னைப் பார்த்தார். அவரும் அன்று கத்தவில்லை.

சரி என்று சொல்ல வாய் திறந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அம்மாவின் முகம்தான் முதலில் வந்தது, மீன்காரம்மாள் வரவில்லை. பிறகு சக்கரங்களுக்கு இடையில் பேச்சி குனிந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். கூப்பிட்டால் உடனே நுழையத் தயாராக, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றேன்.

சொர்ணம் பேச்சியின் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். பிறகு, "வீட்டுக்கு ஏன் போகணும்? நான் சுத்தி வாறேன்" என்றாள். பிள்ளைகளின் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சக்கர இடைவெளியிலிருந்து நகர்ந்து போயின.

அவர்கள் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. விசில் எதுவும் எங்கள் காதுக்கு எட்டவில்லை. இரும்போடு இரும்பு இடிக்கும் சத்தம் பள்ளத்துப் பக்கமிருந்து கேட் வரைக்கும் ஓடி வந்தது. வண்டி மூன்று வேகன் நீளத்துக்குப் பின்னால் போய் மறுபடி நின்றது. மண் அள்ள இடம் வேண்டுமென்று இன்ஜினைப் பின்னுக்கு எடுத்திருக்கிறார்கள். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வேலுக்குட்டி தன் முறிக்குள்ளிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, உட்காரச் சொன்னார்.

பென்சிலில் ஐந்து

பள்ளிக்கு வந்தபோது என் முறியில் ரோட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் மட்டும் இருந்தார்கள்.

இங்கே சரோஜினி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டொன்பது வயது மூத்தவர். மலையாளம் இரண்டாம் வகுப்பு. அவருடைய வகுப்புக்குக் கட்டடத்தில் இடமில்லாமல் முற்றத்தில் ஓலைக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். மழைக்காலம் முழுக்க ஒழுகும். தமிழ் டிவிஷன் போனால் அந்த முறி உங்களுக்குத்தான் என்று ஹெட்மாஸ்டர் அவரிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். இருபத்து நாலு பேருக்கு ஒரு முறி, நாற்பது பேருக்கு ஒரு கொட்டகையா என்று அவர் ஸ்டாஃப் ரூமில் கேட்டதும், நான் பதிலுக்குச் சூடாகச் சொன்னதும் நடந்து ஒரு வருஷம். அதற்குப் பிறகு எங்களுக்குள் குட் மார்னிங் மட்டும்தான்.

ஆபீசர் சரியாகப் பத்தரைக்கு வந்தார். கெட்டவர் இல்லை. என் முறி வாசலில் நின்று ஐந்து தலையை எண்ணினார். பாக்கி எங்கே என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். ரயில் நின்றதை எழுத என் ஃபாரத்தில் இடமில்லை டீச்சர், கண்ணால் கண்டதைத்தான் எழுத முடியும் என்று மலையாளத்தில் சொன்னார். பென்சிலால் ஐந்து என்று எழுதினார். இன்னொரு பள்ளிக்கூடம் பாக்கி இருப்பதாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது சரோஜினி டீச்சர் வாசலுக்கு வந்தார். சேலை முந்தானையைத் தலையில் போட்டு நனைந்து நின்றார். முறியைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் ஆபீசரைத் தன் கொட்டகைக்குக் கூப்பிட்டார். எண்ணுவதற்கு முன்னால் பிள்ளைகள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சார் பார்க்க வேண்டும் என்றார். போனவர் சீக்கிரம் வரவில்லை. ஒழுகும் இடம் ஒவ்வொன்றையும் காட்டியிருக்கிறார். ஈரமான பெஞ்சைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஹாஜர் புத்தகத்தில் ஒரு பேர் இரண்டு தடவை வந்துவிட்டதோ என்று சந்தேகம் கிளப்பி, நாற்பது பேரையும் எழுப்பி நிறுத்தி முதலிலிருந்து எண்ண வைத்திருக்கிறார். முக்கால் மணி நேரம். அதற்குள் ஆயம்மா சாயா கொண்டு போனாள்.

கடைசியில் நான் வராந்தாவில் நிற்கும்போது அவர் ஆபீசரிடம் சொன்னது காதில் விழுந்தது. "உச்சைக்கு ரண்டாமதும் ஹாஜர் விளிக்குமல்லோ சார். தமிழ் டிவிஷன் அப்போ எண்ணினால் போரே?"

கேரளப் பள்ளிகளில் காலையில் ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் ஹாஜர் எடுப்பது வழக்கம்; தமிழ் டிவிஷனை அந்த மத்தியான ஹாஜரில் எண்ணினால் போதாதா என்றுதான் கேட்டார். ஆபீசர் யோசித்தார். மற்றப் பள்ளியை முடித்துவிட்டு மத்தியான மணிக்குத் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

மத்தியான மணி

பன்னிரண்டரை இருக்கும். ரோட்டுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. சொர்ணம் முன்னால் வந்தாள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. பின்னால் வரிசையாகச் சாக்குகள். இன்னொரு பெண் கடைசியில், யாரும் பிந்தாமல் பார்த்துக்கொண்டு. ரோட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்காரர் மழை தணியும்வரை பிள்ளைகளைக் கூரைக்கடியில் நிற்கவைத்து, ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினாராம். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்குப் பள்ளியில் உப்புமா. மஞ்சளாக, எண்ணெய் மணக்க. ஆயம்மா என் பிள்ளைகளுக்கு முதலில் போட்டாள். சரோஜினி டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளிடம் உலர்ந்த துண்டு இருப்பவர்கள் கொடுங்கள் என்று சொல்ல, கொட்டகையிலிருந்து துண்டுகளும் ஒரு சட்டையும் வந்தன.

மணி அடித்ததும் ஆபீசர் சொன்னபடி வந்தார். பிள்ளைகள் ஈரத் தலையோடு, நாலு வரிசையில். ஒவ்வொருவர் பேரையும் நான் கூப்பிட, ஒவ்வொருவரும் எழுந்து நிற்க, அவர் எண்ணினார். இருபத்தைந்து வந்தது. புத்தகத்தில் இருபத்து நாலுதான். மறுபடி பார்த்தார். முதல் வரிசை ஓரத்தில் பேச்சியின் தம்பி, மூன்று வயதுக்காரன், அக்காவின் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்பக் கவனமாக உட்கார்ந்திருந்தான். ஆபீசர் முதன்முதலாகச் சிரித்தார். இவனை ரெண்டு வருஷம் கழித்து எண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, பென்சில் ஐந்தை ரப்பரால் அழித்து மையால் இருபத்து நாலு என்று எழுதினார்.

சொர்ணம் வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைய வேலை அவளுக்குப் போயிற்று. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூத்தவன் விஷயத்தில் நான் நடந்துகொண்டது தப்பு என்று சொன்னேன். அவள் காலில் ஒட்டிய சேற்றை ஓலையால் வழித்துக்கொண்டே, "அது கெடக்கட்டும். வண்டி பின்னால போச்சுல்லா, அந்தச் சத்தம் எங்களுக்கும் கேட்டுது" என்றாள்.

சாயங்காலம் சரோஜினி டீச்சரிடம் போனேன். நான் நன்றி சொல்வதற்குள் அவரே பேசினார், எங்கள் இரண்டு பாஷையும் கலந்த திருவனந்தபுரத்துத் தமிழில். "எனக்கு முறி வேணும். அது உள்ளதுதான். பக்ஷே, ஆளை ஓட்டிவிட்டுக் கிட்டுற முறி எனக்கு வேண்டாம் டீச்சர்."

மூங்கில் தட்டி

அன்று ராத்திரி ஆரியசாலை வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. உன் முறி எவ்வளவு பெரிசு?

மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் போய், என் முறியைக் குறுக்கே தடுத்துப் பெரிய பாதியை சரோஜினி டீச்சருக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். சொர்ணத்தின் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மூங்கில் தட்டி அடித்துக் கொடுத்தார். நெருக்கடிதான். ஆனால் யார் தலையிலும் மழை விழவில்லை.

தட்டிக்கு இந்தப் பக்கம் நாங்கள் 'அம்மா, ஆடு' என்றால், அந்தப் பக்கம் அவர்கள் மலையாளப் பாடத்தின் முதல் சொற்களான 'தற, பற' என்பார்கள். சில நாட்கள் சரோஜினி டீச்சர் கேட்கும் கணக்குக்கு என் பக்கமிருந்து பேச்சி மலையாளத்தில் பதில் சொல்லிவிடுவாள். ஆரம்பத்தில் இரண்டு பேருக்கும் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. மேற்கே இருந்து மலையாளப் பிள்ளைகளும் வரத் தொடங்கியிருந்ததால், காலையில் ஒரு நாள் நான், ஒரு நாள் அவர் என்று மாறி மாறிக் கேட்டுக்குப் போனோம்.

அந்த மழைக்குப் பிறகுதான் நடைபாலம் வேண்டுமென்று மனு எழுதினோம். மலையாளத்தில் அவர் எழுதினார், தமிழில் நான். இரண்டு பக்கத்தாரும் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். வேலுக்குட்டி, தான் வைப்பது முறையல்ல என்று முதலில் தயங்கி, பிறகு மனைவியைக் கூட்டிவந்து வைக்கச் சொன்னார். பாலம் வர மூன்று நாலு வருஷம் ஆயிற்று. வந்தது. இரும்புப் படியில் பிள்ளைகள் தடதடவென்று ஓடிவரும் சத்தம் பள்ளிவரைக்கும் கேட்கும்.

எட்டுப் பேர்

டிவிஷன் கடைசியில் போகத்தான் செய்தது. அந்த மழை நாளுக்கு ஏழு வருஷம் கழித்து. ரயிலால் இல்லை. வயல் பக்கத்துப் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, தெருவில் மலையாளம் பேசி வளர்ந்தார்கள். தாய்மார்கள் சொர்ணம் சொன்னதைத்தான் சொன்னார்கள். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. ஆறாம் நாள் அன்று எட்டுப் பேர் இருந்தார்கள். வேறு ஆபீசர் வந்து எண்ணினார். எனக்குச் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது, வீட்டுக்கு நடக்கும் தூரம்.

அந்த ஏழு வருஷம் எனக்கு இனாமாகக் கிடைத்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தங்கைக்குக் கல்யாணம் நடந்தது அதில்தான். அம்மா கடைசிவரை மருந்துக்குக் குறையில்லாமல் இருந்தது அதில்தான். ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்த அரை முறியில் தமிழ் வாசிக்கக் கற்றார்கள். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

கடைசி நாள் காலையில் வழக்கம்போல ஹாஜர் புத்தகத்தைத் திறந்தேன். எட்டுப் பேர். முதல் பேரைக் கூப்பிடாமல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் காத்திருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்த்தேன். எழுத்து கலங்கியது.

தட்டி ஓரமாக சரோஜினி டீச்சர் இந்தப் பக்கம் வந்தார். என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். எல்லாம் தமிழில் எழுதியிருந்தது. நான் அதை அவரிடம் சொல்லப் போனேன்.

அவர் விரலை வைத்து, நிதானமாக, ஒவ்வொரு பேராக வாசித்தார். எட்டாவது பேரில் ஒரு 'ழ' இருந்தது. அந்த எழுத்தையும் பிசகாமல் வாசித்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்றார்கள்.

எப்போது படித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏழு வருஷமா தட்டிக்கு அப்புறம் இருந்து நானும் கேட்டுட்டும் பார்த்துட்டும்தானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தார்.